டவர் இல்லையா? தவறு உங்களுடையது!

போனில் டவர் போய்விட்டதா? பதற வேண்டாம். தவறு உங்களுடையது. கம்பெனியின் மேல் தவறு இருக்கவே முடியாது. சந்தேகம் இருந்தால் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூப்பிட டவர் வேண்டுமே என்று கேட்காதீர்கள். அது உங்கள் பிரச்சினை.

பக்கத்து வீட்டுப் போனைக் கடன் வாங்கிக் கூப்பிட்டால் உபதேசம் கிடைக்கும். போனை அணைத்துப் போடுங்கள் சார். சிம்மைக் கழற்றித் துடையுங்கள் சார். வேறு போனில் போட்டுப் பாருங்கள் சார். ஜன்னல் பக்கம் போங்கள் சார். வெளியே வந்து நில்லுங்கள் சார். இத்தனை கட்டளையிலும் வேலை உங்களுக்குத்தான். கோபுரம் வைத்திருப்பவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சுரங்கத் தொழிலாளி. லைன் வீடு, தகரக் கூரை. கையில் பட்டன் போன். மகன் பெங்களூரில் வேலை. கூரைக்குக் கீழே டவர் இல்லை. தெருவுக்கு வந்தால் ஒரு கோடு. குப்பைத்தொட்டி அருகே நின்றால் இரண்டு கோடு. இந்தியா டிஜிட்டல் ஆகிவிட்டது. அவர் குப்பைத்தொட்டி அருகே நிற்கிறார்.

இவருக்கா சிக்னல் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள்? வயிற்றுப்பாடே சிக்னலில் ஓடிய மனிதர் அவர். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு இறங்குவதும் ஏறுவதும் மணி அடித்துத்தான். ஓடும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும். ஆள் ஏறுகிறது என்றால் அதற்குத் தனி மணி. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே மணி தப்பினால் பிணம் விழும். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அங்கே எவனும் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது.

ஊரின் கதையும் சாதாரணமல்ல. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. 1965இல் இதே சாம்பியன் ரீஃபில், பூமிக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். பூமியையே துளைத்துக்கொண்டு போகிற துகள் அது. எதிலும் எளிதில் சிக்காது. அது சிக்கியது. பெரியவருக்கு மகனின் குரல் சிக்கவில்லை.

தங்கம் வேண்டியிருந்தது, மின்சாரம் ஓடி வந்தது. விஞ்ஞானம் வேண்டியிருந்தது, உலகமே இறங்கி வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை வாரிக்கொண்டு, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸைப் பூட்டினார்கள். எஞ்சியது சயனைடு கழிவு மேடும் சளி பிடித்த நுரையீரலும். தங்கம் எடுப்பது நின்றது. எடுப்பது நின்ற ஊருக்கு எதற்கு டவர்?

இதே நேரம் பெங்களூரில் ஒரு புதுப் பக்தி பரவுகிறது. மினிமலிஸ்ட் போன். ஆப் கிடையாது, அரட்டை கிடையாது. பேசலாம், செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் இப்படி ஒரு போனைச் சுமார் 300 டாலருக்கு விற்றார்கள். மன அமைதிக்காம். பெரியவர் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியதிலும் அதே வசதிதான் இருக்கிறது. பணம் இருப்பவன் கையில் இருந்தால் அது துறவு. பணம் இல்லாதவன் கையில் இருந்தால் அது ‘பழைய மாடல் சார், மாத்திடுங்க’.

சரி, தெருவுக்கு வந்தும் சில போன்களில் ஏன் கோடே வருவதில்லை? காரணம் எல்லோருக்கும் தெரியும், பெரியவருக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. சில போன்கள் 2ஜி மட்டும் அறியும். ஜியோவிடம் 2ஜியே இல்லை. அந்தச் சிம்மை அந்தப் போனில் போட்டால் ஆயுள் முழுக்கத் துடைத்தாலும் கோடு வராது. 4ஜி போன் என்றாலும், 4ஜியிலேயே பேச வைக்கும் வோல்ட்டி வசதி இல்லையேல் ஜியோவில் பேச்சு இல்லை. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் வருகிறது. மலிவுப் போன் பலவற்றுக்கு அது எட்டாது. பழைய சிம்மில் 4ஜி ஏறாது. இதையெல்லாம் போன் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடிக்கலாம். அச்சடிப்பது நடிகரின் சிரிப்பை.

2020இல் முகேஷ் அம்பானி மனம் வருந்தினார். 30 கோடிப் பேர் 2ஜியில் சிக்கிக் கிடக்கிறார்களாம், அதை வரலாற்றுக்கு அனுப்ப வேண்டுமாம். 2ஜியை அனுப்பலாம். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எங்கே அனுப்புவது?

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2010 3ஜி ஏலத்தில் 67,000 கோடிக்கு மேல். 2022 ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி. கண்ணுக்குத் தெரியாத காற்றை விற்றே இவ்வளவு. எட்டாத இடத்துக்கும் தொலைபேசி எட்ட வேண்டும் என்று கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் பிடித்து 2002இலிருந்து ஒரு நிதி. அதில் பல்லாயிரம் கோடி செலவாகாமலே கிடந்தது. பிறகு சுறுசுறுப்பு வந்தது. நிதிக்குப் பெயர் மாற்றினார்கள். இப்போது அது ‘டிஜிட்டல் பாரத் நிதி’. பிஎஸ்என்எல்லைத் தூக்கி நிறுத்த 2019, 2022, 2023 என மூன்று தொகுப்பு, மொத்தம் மூன்று லட்சம் கோடிக்கு மேல். அந்த பிஎஸ்என்எல்லின் சுதேசி 4ஜியைப் பிரதமர் 2025 செப்டம்பரில் தொடங்கி வைத்தார். ஜியோ 4ஜி வந்தது 2016 செப்டம்பரில். ஒன்பதே ஆண்டு. பொறுமை நம் பண்பாடு.

இந்தத் துறையின் பிறப்பு அப்படி. 1995 ஜூலை 31, நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார், டெல்லியில் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் கேட்டார். அடுத்த ஆண்டு அதே சுக்ராமின் வீடுகளில் சிபிஐ 3.6 கோடி ரூபாய் ரொக்கத்தை அள்ளியது. பிள்ளையார் சுழியே பிரமாதம்.

இனி ரீசார்ஜ். பட்டன் போன்காரருக்கு டேட்டா தேவையில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாக டேட்டாவையும் சேர்த்தே தலையில் கட்டினார்கள். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கண் திறந்து, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி பேக் கொடு என்றது. கொடுத்தார்கள். 84 நாளுக்கு 509 ரூபாய் வாங்கிய ஒரு கம்பெனி அதிலிருந்த 6 ஜிபியைப் பிடுங்கிக்கொண்டு 499 என்றது. பத்து ரூபாய் தள்ளுபடி! ஊர் சிரித்த பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கினார்கள்.

பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். 2014இல் வைத்த தொகை, அசையாமல் நிற்கிறது. அதிலிருந்துதான் இந்த ரீசார்ஜும். போடாமல் இருக்கலாமா? இருக்க முடியாது. வங்கிக்கு ஓடிபி, ஆதாருக்கு ஓடிபி, கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி. ஓய்வூதியக்காரர் சாகவில்லை என்று காட்டும் டிஜிட்டல் சான்றுக்கும் கைபேசி எண். ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம். குப்பைத்தொட்டிக்கு நடந்து போவதற்குள் அது காலாவதி. மறுபடி முதலிலிருந்து. ஆனால் ‘உங்கள் பேக் மூன்று நாளில் முடிகிறது’ என்ற செய்தி மட்டும் தகரத்தையும் சுவரையும் துளைத்துக்கொண்டு வரும். நியூட்ரினோ தோற்றது.

நியாயம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டாயிற்று. பேசும்போது இணைப்பு அறுந்தால் அழைப்புக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் இழப்பீடு என்று 2015இல் டிராய் விதி போட்டது. மூன்று ரூபாய்! கம்பெனிகள் கூட்டாக உச்ச நீதிமன்றம் போயின. நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர்கள் எழுந்து நின்று வாதாடினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கட்டணத்தில் எத்தனை பேருக்கு ஒரு ரூபாய் கொடுத்திருக்கலாம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. 2016 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. அந்த விதி தன்னிச்சையானது, நியாயமற்றது, செல்லாது. மூன்று ரூபாய் தப்பித்தது. கம்பெனிகள் பிழைத்தன.

டிராய் சளைக்கவில்லை. 2024இல் புது விதி. எந்த இடத்தில் டவர் எடுக்கும் என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும். அதைப் பார்க்க இணையம் வேண்டும், அதாவது டவர் இருப்பவன் டவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதே விதியில் இழப்பீடும் உண்டு. சேவை 24 மணி நேரத்துக்கு மேல் படுத்தால் ப்ரீபெய்டுகாரருக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. ஆகா என்று எழுந்து உட்காராதீர்கள். படுக்க வேண்டியது மாவட்டம். ஒரு வீடு படுத்தால் கணக்கில்லை. ஒரு லைன் படுத்தால் கணக்கில்லை. தங்கவயல் முழுக்கப் படுத்தாலும் கணக்கில்லை, அது வெறும் தாலுக்கா.

ஆக, பெரியவருக்கு இழந்த ஒரு நாள் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் கோலார், மாலூர், முல்பாகல், சீனிவாசபூர், பங்காருபேட்டை எல்லாம் அவரோடு சேர்ந்து ஊமையாக வேண்டும். அதுவும் ஒரு நாள் முழுக்க. சுரங்கத்தை மூடியபோது மாவட்டத்தைக் கேட்டா மூடினீர்கள்? எடுக்கும்போது ஊர் ஊராக, ஆள் ஆளாக எண்ணி எடுக்கிறீர்கள். கொடுக்கும்போது மட்டும் மாவட்டமா? ரீசார்ஜையும் இனி மாவட்டத்திடமே வாங்கிக்கொள்ளுங்கள்.