குவைத்திலிருந்து மாமாவுக்கு ஒரு கடுதாசி

ஃபர்வானியா,
குவைத்.

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதிக்கொண்டது. 

மாப்ளக்கு குவைத் விசா வந்துருக்கு, ஏஜென்ட் ஒண்ணரை லட்சம் கேக்குறான்னு அத்தை போன்ல சொன்னாங்க. "அனுப்பலாமா, வேணாமா? உங்க மாமா ஒரே வார்த்தையில பதில் கேக்குறார்"னாங்க. திருமங்கலத்துல ஆயுசு பூரா 'விரிவான விடை தருக'ன்னு கேள்வி கேட்ட வாத்தியாருக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற தைரியம் எனக்கில்ல. அதான் கடுதாசி.

குவைத் மொத்தமே 17,818 சதுர கிலோமீட்டர். நம்ம மதுரை மாவட்டம் மாதிரி ஏறத்தாழ அஞ்சு. வடக்கயும் மேற்கயும் ஈராக், தெக்க சவூதி, கிழக்க கடல். ஆறுன்னு ஒண்ணு கிடையாது. வைகையில தண்ணி வரலன்னு நாம பொலம்புறோம். இவங்களுக்குத் தண்ணி வராம இருக்கறதுக்குக்கூட ஒரு ஆறு இல்ல. மலையும் இல்ல. ஜஹ்ராவுக்கு வடக்க முத்லான்னு ஒரு மேடு இருக்கு, அதை ஏறி எறங்குறதையே பெருசாப் பேசுவாங்க. ஒத்தக்கடை யானைமலையைக் கொண்டாந்து இங்க வெச்சா டிக்கெட் போட்டு வசூல் பண்ணிருவாங்க.

எண்ணெய் வர்றதுக்கு முந்தி, ஈராக் பக்கம் ஷத் அல் அரப் ஆத்துலருந்து மரக்கலத்துல தண்ணி கொண்டாந்து குடிச்ச ஊரு இது. இப்ப கடல் தண்ணியை உப்பு நீக்கித்தான் குழாய்ல விடுறாங்க. குவைத் டவர்னு நீல உருண்டையோட போட்டோ அனுப்பினேனே, அது 1979ல திறந்தது. உருண்டைக்குள்ள பாதிக்கு மேல தண்ணிதான். நம்மூர்லயும் தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி நிக்குது. ஒருத்தனாவது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துருக்கானா?

வெயிலைப் பத்தி எழுதுனா அத்தை அழுதுருவாங்க, அவங்களுக்கு வாசிக்காதீங்க. 2016 ஜூலையில மித்ரிபாங்கிற இடத்துல 53.9 டிகிரி பதிவாச்சு. நம்மூர் கத்திரி வெயில் தேதி போட்டு வந்து தேதி போட்டுப் போயிரும். இங்க அதுக்கு நாலு மாசம் குடித்தனம். ஜூன்லருந்து ஆகஸ்ட் முடிய பகல் 11 மணிலருந்து 4 மணி வரைக்கும் வெட்டவெளியில வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. மொட்டைமாடித் தொட்டியில தண்ணி கொதிக்கிறதால, கோடையில குளிக்க ஒரு தந்திரம்: ஹீட்டரை அணைச்சு வெச்சா, வீட்டுக்குள்ள அதுல தேங்குன தண்ணி ஆறிரும். அதனால பச்சைத்தண்ணி வேணும்னா ஹீட்டர் குழாயைத் திறக்கணும், வெந்நீர் வேணும்னா பச்சைத்தண்ணிக் குழாயைத் திறக்கணும். இப்படிப்பட்ட ஊர்ல என்னை மாதிரி ஏசி மெக்கானிக்குக்கு டாக்டருக்கு அடுத்த மரியாதை. சில வீட்ல டாக்டருக்கும் மேல.

மழை? எப்பவாவது வரும். 2018 நவம்பர்ல பெய்ஞ்சு ரோடெல்லாம் வெள்ளக்காடாச்சு. பொதுப்பணித் துறை அமைச்சர் ராஜினாமா பண்ணிட்டார் மாமா! மழைத்தண்ணி தேங்குனதுக்கு. இதை நம்மூர் டீக்கடையில சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க.

இவங்களோட எண்ணெய்ப் பவிசெல்லாம் நேத்து வந்தது. அதுக்கு முந்தி முத்துக் குளிக்கிறதும் கப்பல் ஓட்டுறதும்தான் இவங்க தொழிலா இருந்துச்சு. கப்பல் கட்டத் தேக்கு நம்ம மலபார்லருந்து போச்சு. ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டாந்ததும் அந்தப் பொழப்புல மண்ணு விழுந்துச்சு. 1938ல புர்கான்ல எண்ணெய் பொங்குச்சு, 1946ல முதல் கப்பல் எண்ணெயோட கிளம்புச்சு. உலகத்துப் பெரிய எண்ணெய் வயல்ல அது ஒண்ணு. உங்களுக்குப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு: 1961 வரைக்கும் இங்க கடைத்தெருவுல ஓடுனது நம்ம ரூபா. தினார் வந்தப்ப பதிமூணு ரூபாச் சொச்சத்துக்கு ஒரு தினார் கணக்கு. இப்ப 280க்கு மேல. வந்த புதுசுல நூறு ஃபில்ஸ் டீயை அதால பெருக்கிப் பாத்து, 28 ரூபாயான்னு கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். இங்க பொழைக்கணும்னா முதல்ல பெருக்கல் வாய்ப்பாட்டை மறக்கணும்; மாப்ளக்கு அந்தக் கஷ்டம் இருக்காது.

ஜனத்தொகை அரைக்கோடி வாக்குல. அதுல மூணுல ஒருத்தர்தான் குவைத்தி. நம்ம இந்தியாக்காரங்களே பத்து லட்சம் பேர் இருக்கோம். அரபி தெரியாம பொழைச்சுக்கலாம், மலையாளம் தெரியாமக் கஷ்டம். குவைத்திகள்ல வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் அரசாங்க வேலைதான். நம்ம புள்ளைங்க கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல காலையிலயே இடம் பிடிச்சு குரூப் 4க்குப் படிக்குதுங்களே, அந்தப் பாடு இங்க இல்ல. வருமான வரி கிடையாது. அவங்களுக்குப் படிப்பு, வைத்தியம் இலவசம். அவங்க வீட்டுக் கரண்டு யூனிட்டுக்கு 2 ஃபில்ஸ். நம்ம காசுல அரை ரூபாய்க்குச் சித்த மேல. அதனால ஆள் இல்லாத ரூம்லயும் ஏசி ஓடும். எனக்கு வேலையும் ஓடும், நான் குறை சொல்லமாட்டேன்.

இவங்க கெட்டிக்காரங்களும்கூட. 1953லயே லண்டன்ல முதலீட்டு வாரியம் வெச்சாங்க. 1976லருந்து வருமானத்துல பத்துல ஒரு பங்கை பேரப்புள்ளைங்களுக்குன்னு எடுத்து வெச்சாங்க. 1990 ஆகஸ்ட் 2 சதாம் படை உள்ள நுழைஞ்சப்ப, நாடு போயும் அரசாங்கம் சவூதியில உக்காந்து செலவு பண்ண அந்தச் சேமிப்புதான் கைகொடுத்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு வாரியம் இல்ல. சின்ன மாமா அம்மான் நகரம் வரைக்கும் போய், ஏர் இந்தியாவுல ஒத்தைப் பையோட வந்து எறங்குனாரே, ஞாபகம் இருக்கா? 488 விமானத்துல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் வாக்குல கொண்டாந்தாங்க. குவைத் ஏழு மாசத்துல மீண்டுருச்சு. அவர் வாங்குன கடன் மீள எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

ஆட்சி அமீர் கையில. சபா குடும்பம் 18ஆம் நூற்றாண்டுலருந்து ஆளுது. இப்ப இருக்கறவர் ஷேக் மிஷால், 2023 டிசம்பர்ல வந்தவர். 1962லயே அரசியல் சட்டம் எழுதி, 50 பேரைத் தேர்ந்தெடுத்து சபை நடத்துனாங்க. வளைகுடாவுலயே வாய் பெருத்த சபையா இருந்துச்சு, அமைச்சர்களை நிக்கவெச்சுக் கேள்வி கேட்டுச்சு. 2005ல பெண்களுக்கும் ஓட்டு வந்துச்சு. கட்சி கிடையாது. அப்பல்லாம் தேர்தல்னா வேட்பாளர் கூடாரம் போட்டு விருந்து வெப்பார். அந்தச் சங்கதியைத் திருமங்கலத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்ல. 2024 மே மாசம் அமீர் சபையைக் கலைச்சு, சட்டத்துல சில பிரிவுகளை நாலு வருஷம் வரைக்கும் நிறுத்தி வெச்சுட்டார். வீட்டுக்கு வீடு திவானியான்னு தனி ரூம் உண்டு. ராத்திரி ஆம்பளைங்க கூடி காவாங்கிற அரபுக் காப்பி குடிச்சுக்கிட்டே இதையெல்லாம் பேசுவாங்க. ஏசிக்குக் கேஸ் நிரப்பும்போது காதுல விழுந்தது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊருக்கு வந்து சொல்றேன். அமீரைப் பத்தி எழுதிக் கம்பி எண்ணுறதுக்கு நான் இங்க வரல.

இனிமே எழுதுறது சிரிக்கிறதுக்கு இல்ல மாமா. 2024 ஜூன் 12 விடிகாலை மங்காஃப்ல தொழிலாளிங்க தங்கியிருந்த கட்டடம் தீப்பிடிச்சது. நம்ம நாட்டுக்காரங்க 45 பேர் உடலை விமானப்படை விமானத்துல கொண்டுபோனாங்க. அதுல ஏழு பேர் தமிழ்நாடு. எண்ணெய்ப் பணம் மேல இருக்கறவங்களுக்கு. நமக்கு விசாவுல என்ன எழுதியிருக்கோ அதுதான் விதி.

அதனால பாக்க வேண்டியது இதுதான். விசாவுல 18ஆ, 20ஆன்னு பாருங்க. 18ன்னா கம்பெனி வேலை. 20ன்னா வீட்டு வேலை. டிரைவர்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து பாலைவனத்துல ஆடு மேய்க்க விட்ட கதை இங்க நிறைய. 20ல வந்துட்டு 18க்கு மாறுறது லேசுல நடக்காது. மாப்ள பத்தாவது தாண்டல, அதனால அவன் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். 'டூரிஸ்ட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்'னா நம்பாதீங்க. அந்த ஏஜென்ட் பேரு அரசாங்கத்தோட இ-மைக்ரேட் தளத்துல இருக்கான்னு தேடுங்க, சந்தேகம்னா சென்னையில குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துல விசாரிங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்றது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒண்ணரை லட்சம் இல்ல. பேரு இல்லன்னா, குடுத்த பாஸ்போர்ட்டை இன்னைக்கே திருப்பி வாங்கிருங்க மாமா.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்