பல்லைக் காட்டு கண்ணு

வா கண்ணு, இந்தக் கட்டல்ல உக்காரு. மூஞ்சி ஏன் மழை காணாத மானாவாரிக் காடாட்ட கெடக்குது? எத்தனை கம்பெனிக்கு வேலை கேட்டுத் தாட்டியுட்டே? நூத்தி நாப்பதா? ஒருத்தனும் ‘வேண்டாம்’னு கோட எழுதலையா? பேஷ். ஒரே மாட்டை நூத்தி நாப்பது சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி ஒருத்தனும் வெல கேக்கலீன்னா, நானாயிருந்தா திரும்பி மாட்டை ஒருவாட்டி பாத்திருப்பேன். நீ இஞ்சினீயரு. நீ நூத்தி நாப்பத்தொண்ணாவது சந்தையைத் தேடறே.

அந்தத் தாளைக் கொடு. அடேங்கப்பா, நாலு பக்கம்! பம்பு கம்பெனியில ரெண்டு வருசம் இருந்தவனுக்கு நாலு பக்கம். அம்பது வருசம் மாட்டுத் தரகு பாத்த என்ற கதையே ஒரு பீடி அணையறக்குள்ள முடிஞ்சுபோகும். இங்கிலீசா இருக்குது, நீயே படிச்சுத் தமிழ்ல சொல்லு.

“சவாலான சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன்.”

நல்லாருக்குது. யாரு எழுதுனது? காலேசு சீனியரா? அவனுக்கு யாரு கொடுத்தா? அவன் சீனியரு. அப்பிடின்னா உன்ற வகுப்புல அறுவது பேருக்கும் ஒரே ஆசை. அறுவது மாட்டுக்கும் ஒரே மணி கட்டி உட்டா, வாங்க வந்தவன் சத்தத்தை வெச்சு எதைக் கண்டுபுடிப்பான்?

அக்கட்டால என்ன? அப்பன் பேரு, பொறந்த தேதி, கலியாணமாகாதவன், ரத்த வகை, ஒசரம், எடை. கண்ணு, இது வேலைக்கா, பொண்ணு பாக்கறக்கா? ராசி நச்சத்திரத்தை மட்டும் ஏன் உட்டுட்டே? ரத்த வகை எதுக்கு? ரத்தத்தை உறியறதெல்லாம் வேலைக்குச் சேந்ததுக்கப்பறம். பாஸ்போர்ட் நம்பரு வேற போட்டிருக்கறே. ஊருபேரு தெரியாத நூத்தி நாப்பது பேருகிட்ட அது போயிருக்குது, ஒண்ணும் ஆகாம இருந்தா உங்காத்தா செஞ்ச புண்ணியம். கடைசியில, ‘மேலே கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’. தாலுகா ஆபீசு மனுவுல எழுதிப் பழகுன கை. இந்த வரி இல்லாட்டி மேல இருக்கறதெல்லாம் பொய்யின்னா நெனச்சுக்குவாங்க?

நீ கன்னபுரத்துத் தேருக்கு என்றகோட வந்திருக்கறயல்லொ? மாரியாத்தா நோம்பியில காங்கயம் மாடுக நிக்கும், கண்ணுக்கெட்டுன தூரம். வாங்க வந்தவன் எப்பிடிப் பாத்தான்? ஒவ்வொரு மாட்டுகிட்டயும் நின்னு கதையா கேட்டான்? நடந்துக்கிட்டே பாத்தான். திமிலு, கொம்பு, காலு. புடிச்சா மட்டுந்தான் நிப்பான். நின்னான்னா வாயைத் தொறந்து கீழ்ப்பல்லைப் பாப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துதான்னு. அப்பறம் சுழி. அதெல்லாம் தேறுனாத்தான் துண்டைப் போட்டு, அதுக்கடியில வெரலைப் புடிச்சு வெல பேசறது. நீ என்ன பண்ணியிருக்கறேன்னா, வெரலைப் புடிக்கறப்ப பேச வேண்டியதையெல்லாம் ரோட்டுல போறவன்கிட்ட கத்திக்கிட்டு நிக்கறே.

நம்ம தெக்கு வளவு அம்மிணி பெங்களூருல எச்சாரு. போன நோம்பிக்கு வந்தப்ப சொல்லுச்சு. அமெரிக்காவுல லேடர்ஸ்னு ஒரு கம்பெனி, ஆளெடுக்கறவங்க கண்ணு தாள்ல எங்கெங்க மேயுதுன்னு மிசினு வெச்சுப் பாத்துதாமா. 2012-ல ஒரு தாளுக்கு 6 நொடி. 2018-ல மறுக்காப் பாத்தப்ப 7.4 நொடி. ஆறு வருசத்துல எச்சாருகளுக்குப் பொறுமை கிட்டத்தட்ட ஒண்ணரை நொடி கூடிப்போச்சு, பாத்தயா! அந்த ஏழு நொடியில உன்றது முதப் பக்கத்துப் பாதியத் தாண்டாது. அங்க நீ என்ன வெச்சிருக்கறே? ஒரு போட்டோ. கூலிங் கிளாசோட.

ஆறாவதுல கையெழுத்துப் போட்டியில ரெண்டாம் பரிசு. இதையுமா எழுதுவாங்க? காங்கயங் கன்னு பொறக்கறப்பச் செவலையா இருக்கும், ஆறு மாசத்துல நெறம் மாறிரும். வளந்த மயிலைக் காளையை வெச்சுக்கிட்டு, ‘கன்னுல செவலைங்க’ன்னா வெல ஏறுமா?

செரி, உள்ள விசயத்துக்கு வருவோம். பம்பு கம்பெனியில என்ன பண்ணுனே? ‘தரக் கட்டுப்பாட்டுப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்தேன்.’ அதாவது, பண்ணையத்துல ‘மாடு இருந்துது’ங்கறே. உழுதுதா, படுத்துக் கெடந்துதா?

இல்ல, கோவப்படாம சொல்லு. வார்ப்பு வரும், செக் பண்ணுவே. அப்பறம்? பம்பு மூடியில காத்துக் கொமிழி உளுந்து ஓட்டையா வந்துது. நூத்துக்கு ஏழு திருப்பியுட்டீங்க. ம். எல்லா ஓட்டையும் ஒரே பக்கம் இருக்குதுன்னு நீதான் பாத்தே. பவுண்டரிக்கு நீயே வண்டியெடுத்துப் போயி, மண்ணுல ஈரம் எச்சா இருக்குதுன்னு சொல்லி மாத்தச் சொன்னே. மூணு மாசத்துல ஏழு ரெண்டாச்சு.

அடப்பாவி. இது இந்த நாலு பக்கத்துல எங்கடா இருக்குது? கையெழுத்துப் போட்டிக்கு எடமிருக்குது, இதுக்கு எடமில்லையா? ‘மூடி வார்ப்புல நூத்துக்கு ஏழு கழிவு, காரணம் மண்ணீரம்னு கண்டுபுடிச்சேன், மூணு மாசத்துல ரெண்டாச்சு.’ அவ்வளவுதான். இதுதான் கண்ணு உன்ற பல்லு. இதைக் காட்டாம வாலைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கறே. முதப் பக்கத்துல மேல வை. ஏழு ரெண்டாச்சுன்னா ரெண்டுன்னே போடு, சைபர்னு போட்டராதே. கேள்வி கேக்கற எடத்துல நாக்கு வறண்டுபோகும்.

இன்னொண்ணு. நூத்தி நாப்பது பேருக்கும் ஒரே தாளா? வண்டிக்கு மாடு தேடறவன்கிட்டப் போயி பால் கணக்கு சொன்னா ஆகுமா? அவன் வெளம்பரத்துல என்ன கேக்கறான்னு படி. டீக்கடையில வாத்தியாரு ஒரு கதை சொன்னாரு. மோனாலிசான்னு ஒரு படம் போட்டானல்லொ, டாவின்சி, அவன் 1482 வாக்குல மிலான் ஊரு அதிபதிகிட்ட வேலை கேட்டு ஒரு கடுதாசிக்கு நகலு எழுதி வெச்சானாம். உலகத்துலயே பெரிய ஓவியன், என்ன எழுதியிருப்பான்? பாலம் போடுவேன், எதிரிப் பாலத்தைச் சுட்டுப்போடுவேன், கோட்டையை ஒடைப்பேன், பீரங்கி பண்ணுவேன்னு வரிசையா அடுக்கிப்போட்டு, கடைசியில போனாப் போவுதுன்னு, படமும் போடுவேன்னானாம். ஏன்னா அந்த அதிபதிக்கு அப்பச் சண்டைதான் கவலை. அந்த மாதர ஆளே தன்ற பெருமையைக் கீழ போட்டான். நீ வயலின் கத்துக்கிட்டதை மேல போட்டிருக்கறே.

உன்ற தாளை முதல்ல மனுசனே படிக்கறதில்லையாமா? அம்மிணி அதையும் சொல்லுச்சு. ஏ.டி.எஸ்.ன்னு ஒரு சாப்ட்வேராமா, தாளைப் பிச்சுப் பிச்சு உள்ள போட்டு வெச்சுக்குமாமா. எச்சாரு தேடறப்ப அந்த வார்த்தை இருக்கறவன் மேல வருவான். அதுக்குக் கட்டம், கலர், பக்கவாட்டுப் பட்டை, திறமைக்கு அஞ்சு நட்சத்திரம் இதெல்லாம் ஆகாது. ரெண்டு பத்தியா இருந்தா சிலது குறுக்கால படிச்சுக் கொழப்பிப்போடும். அவங்க ‘காஸ்டிங் இன்ஸ்பெக்சன்’னு கேட்டா நீயும் அதே வார்த்தையப் போடு. நீ என்னமோ ‘குவாலிட்டி நிஞ்சா’ன்னு எழுதியிருக்கறே. நிஞ்சான்னு எவன் தேடப்போறான்?

உடனே கண்ணு மின்னுதே! வெளம்பரத்தை அப்பிடியே வெள்ளெழுத்துல ஒளிச்சு வெக்கலாம்னு எவனோ சொல்லிக் கொடுத்தானா? நாங்க பண்ணாத வித்தையா. சந்தைக்கு மொத நாளு உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணியக் குடிக்க வெச்சு வவுறு நெப்பறது, ஒரு நேரம் கறக்காம மடியப் பெருக்க வெக்கறது, கொம்பை ராவி வயசைக் கொறைக்கறது. விவரம் கெட்டவன்தான் ஏமாறுவான். உன்ற வெள்ளெழுத்தை அந்தச் சாப்ட்வேரு கருப்பெழுத்தா மாத்திக் காட்டிரும். அப்பறம் அந்தச் சந்தைப் பக்கம் நீ தலைவெச்சுப் படுக்க முடியாது.

தரகன் வேணும் கண்ணு, அதுக்கு வெக்கப்படாதே. நௌக்ரியில போட்டுட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காந்தா ஆகாது. அந்தக் கம்பெனிக்குள்ள உன்ற காலேசுப் பசங்க எவனாவது இருப்பான், லிங்க்டின்ல தேடு. ‘அண்ணா, ஏதாவது வேலை இருந்தாச் சொல்லுங்க’ன்னு எழுதாதே. அது பிச்சை. எந்த வேலை, அதுக்கு நீ எப்பிடி ஒத்து வருவே, அந்த ஏழு ரெண்டான கதை, மூணு வரி. ஆளைச் சேத்துவிட்டா அவனுக்கும் காசு கொடுக்கற கம்பெனி நெறைய இருக்குது. நாங்க ரெண்டு கையிலயும் தரகு வாங்குனோம், அவன் ஒரு கையிலதான் வாங்கறான், பாவம்.

அந்த ஈமெயில் பேரை மாத்து. ‘கெத்துமச்சி’ன்னு இருக்கறவனை எவன் தரக் கட்டுப்பாட்டுல வெப்பான்? பைலு பேரு ‘பைனல் பைனல் புதுசு மூணு’ன்னு இருக்குது. உன்ற பேரையும் வேலையையும் போடு. போன்ல அந்தக் குத்துப்பாட்டையும் எடுத்துப்போடு. அம்மிணி யாரையோ கூப்புட்டப்ப, முழுப்பாட்டும் கேட்டு முடிச்சுட்டுத்தான் வெச்சுதாமா. நல்ல பாட்டாமா. பையனைத்தான் மறந்துபோச்சு.

ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதிட்டுப் பொழுதோட வா, படிச்சுக் காட்டு. என்னது, பரிந்துரைக்கறவர் பேருன்னு கீழ ஒரு கட்டமிருக்குதா? அதுல என்ற பேரைப் போட்டராதே சாமி. அம்பது வருசமா சந்தையில, ‘இந்த மாடு தங்கம்’னு சொன்னவன் நானு. இந்தச் சில்லாவுல எவன் நம்புவான்?