உண்டியலும் முழங்காலும்

கேள்வி: ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பதா, தெம்பு இருக்கும்போதே ஊர் சுற்றிப் பார்ப்பதா?

பதில்: பணத்துக்கு வட்டி உண்டு, முழங்காலுக்கு இல்லை என்பதே இக்கேள்வியின் முடிச்சு. பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலுத்தி வரியில்லா வட்டி பெறும் அரசுச் சேமிப்புத் திட்டம், 15 ஆண்டுகளில் முதிர்வடைவதால், 45 வயதில் அதைத் தொடங்குபவர் 60 வயதில் கைநிறையப் பணத்துடன் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்க நேரிடலாம். பழனிக்காவது இழுவை ரயில் உண்டு, வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளுக்குக் கால்தான் வாகனம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என்று இருந்ததை, நம்பிக் காத்திருந்தவர்களின் கணக்கோ 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டபோதே பிசகிற்று.

அதற்காகக் கடன் அட்டையைத் தேய்த்து மலையேறுவதும் விவேகமன்று. நிலுவைக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கும் அட்டைகள் பல இருப்பதால், நான்கு நாள் சுற்றுலா முடிந்த பின்னும் அதன் தவணை வீட்டிலேயே தங்கிவிடும்.

திருப்பதிக்கென்று மஞ்சள் துணியில் காசு முடிந்து, அதை வேறெதற்கும் தொடாத பழைய வீடுகள் இதற்கு விடை கண்டிருந்தன: பயணத்துக்கும் தனி உண்டியல். அதன் இன்றைய வடிவம் தொடர் வைப்பு, அதாவது மாதந்தோறும் ஒரே தொகையைச் செலுத்தி முடிவில் வட்டியுடன் பெறுவது. அஞ்சலகத்தில் அதற்கு 60 தவணை. வங்கிகளில் 12 மாதத்துக்கும் கிடைக்கிறது, முழங்காலுக்கு அதுவே வசதி.