பீரோவை நகர்த்தாதீர்கள்

வீட்டை விற்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. இருபது வருஷமாகப் பார்க்காத ரிப்பேரை இரண்டு வாரத்தில் பார்க்க முடியாது, ஆனால் மறைத்துவிடலாம். சென்னைப் புறநகரில் அப்பா கட்டிய தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பிக்கலாமா?

1. விலையை முடிவு செய்யுங்கள். வழிகாட்டி மதிப்பு என்ன, பக்கத்துத் தெருவில் என்ன ரேட்டுக்குப் போனது என்றெல்லாம் விசாரித்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் மகன் போனில் சொன்னதுதான் ரேட். பேரத்தில் குறைப்பதற்கென்று அதன்மேல் பத்து லட்சம் ஏற்றுங்கள். பேரம் வந்ததும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

2. நாள் பாருங்கள். ஆடி, மார்கழியில் விளம்பரம் கொடுப்பது உத்தமம். யாரும் வந்து தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

3. பெயின்ட் அடியுங்கள். சுவரில் ஓதம் ஏன் ஏறுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். மொட்டைமாடிக்குப் போனால் தண்ணீர் தேங்கும் இடம் கண்ணில் படும், அப்புறம் தட்டோடு மாற்றச் செலவு. உப்பிக் கிடக்கும் சுவர்மேலேயே பட்டி பூசி ஒரு கோட்டிங் கொடுங்கள். மூன்று வாரம் தாங்கும். பார்ட்டி பத்து நிமிஷம்தானே இருக்கப்போகிறார்? அதற்கும் அடங்காமல் உதிரும் மூலைக்கு பீரோவை இழுத்துப் போடுங்கள். பீரோ கொள்ளாத இடத்தில் ஜவுளிக்கடை காலண்டர். ஒரே சுவரில் மூன்று காலண்டர் தொங்கினால் சந்தேகம் வரும். நடுவில் சாமி படம் மாட்டுங்கள். சாமி படத்தை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

4. 2015 டிசம்பர் வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு இடுப்பு உயரத்தில் இன்னும் தெரிகிறதா? அதே உயரம் வரை வீடு முழுக்கக் காப்பிப்பொடி கலரில் எனாமல் அடித்துவிடுங்கள். கேட்டால், “பசங்க கிறுக்கினா துடைச்சுடலாம் சார்.”

அடுத்து பார்ட்டி, “தண்ணி வருமா?” என்பார். இந்த ஊரில் இது இரண்டு கேள்வி. குழாயில் வருமா, மழைக்கு வீட்டுக்குள் வருமா? எது என்று தெரிந்துகொண்டு வாயைத் திறங்கள். என் உறவினர் ஒருவர் அவசரப்பட்டு, “வரவே வராது மேடம், சொட்டு வராது!” என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டது குழாயை. காபி ஆறும் முன்பே கார் கிளம்பிவிட்டது. நீங்கள் கொடுக்கும் காபியும் கேன் தண்ணீரில் போட்டதாக இருக்கட்டும். உங்கள் போர் தண்ணீரில் பால் திரிந்துவிடும்.

5. ஈசானிய மூலையில் டாய்லெட் இருந்தால் திசையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் வரச்சொன்னால் சூரியனும் காட்டிக்கொடுக்காது. போனில் திசைகாட்டியை எடுக்கிறாரா? “கம்பி கட்டின தளம் சார், முள்ளு சரியா காட்டாது.” இதில் பாதி உண்மை வேறு.

6. பத்திரங்களைத் தேடாதீர்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தேடினால்தான் விறுவிறுப்பு. தாய்ப்பத்திரம் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக இருக்கட்டும். சர்வே எண் தெரியாதது ஒரு வசதி. பட்டா அப்பாவுக்கு மனையை விற்றவர் பெயரிலேயே கிடக்கட்டும். வங்கிக் கடனைத்தான் அப்பா அடைத்துவிட்டாரே, ரசீதுப் பத்திரம் பதியவில்லை என்றால் குடியா முழுகிவிடும்? வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். பார்ட்டி அதைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருப்பார். நீங்கள் முதல்முறையாகக் கேள்விப்படுவதுபோல் ஆச்சரியப்படுங்கள். நடிக்கவே வேண்டியிருக்காது.

7. அட்வான்ஸை ரொக்கமாகக் கேளுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. அதனால் என்ன, மஞ்சள் பையில் வாங்கினால் யாருக்குத் தெரியும்?

8. அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போன வீட்டில் அம்மாவுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்களோ நாற்பது பவுன் போட்டதையும் தலைதீபாவளிச் சீரையும் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயரைப் பார்த்துவிட்டு பார்ட்டியின் வக்கீல் விடுதலைப் பத்திரம் கேட்டால், “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று அடித்துச் சொல்லுங்கள். பார்ட்டி குடும்பத்தோடு வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் முறுக்கு டப்பாவோடு வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி:

“ஏன்டா, பீரோவை எதுக்கு இங்க இழுத்துப் போட்டிருக்க? சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க.”