ஜி.பி.எஸ். பார்க்கும் படலம்

சொந்த வண்டிக்காரர் என்று ஓர் இனம் நாமக்கல் பக்கம் உண்டு. வண்டிக்கு ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. டீசல் கணக்கு இடித்தால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கிளீனரைத் திட்டுவார். ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி, அதற்கு மாதம் தவறாத டியூ, முன்னால் குலசாமி பெயர், பின்னால் பிள்ளைகள் பெயர். இவர் ரொம்ப நாளாக ஒரு ஜி.பி.எஸ். வாங்கப் போகிறார். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.

பெண் பார்க்கப் போகிற மாதிரிதான். எல்லாம் பொருந்திவரும், கடைசியில் ஏதோ ஒன்று தட்டிப்போகும். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்ததும் கையில் வாங்கி எடை பார்ப்பார். திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். பிறகு பரீட்சை.

"நாக்பூருக்கு வழி கேளுங்க பாக்கலாம்."

நாக்பூருக்கு வழி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். (தூக்கத்தில் ஓட்டியதில்லை என்று கற்பூரமும் அணைப்பார்.) கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44-ஆம் எண் சாலை இவர் ஊர் வழியாகத்தான் போகிறது. ஏறி உட்கார்ந்தால் சேலம், தர்மபுரி, ஓசூர், பெங்களூர், அனந்தப்பூர், கர்னூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர். ஒரே ரோடு. பெட்டியும் அதைத்தான் சொல்லும். "இது எனக்கே தெரியுமுங்களே, இதச் சொல்றதுக்கு இத்தன ரூபாயா?" என்று வைத்துவிடுவார். வேறொரு பெட்டி வேறு வழி சொன்னால், "பாத்தீங்களா, தப்பாச் சொல்லுது." இந்தப் பரீட்சையில் தேறிய பெட்டி இதுவரை கிடையாது.

தெரியாத ஊருக்கு வழி கேட்டுப் பார்க்கலாமே என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். "தெரியாத ஊருக்குக் கேட்டா, அது சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படீங்க தெரியும்?" என்றார். கடைக்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

எதுவானாலும் நாலு பேரை விசாரிக்காமல் செய்யமாட்டார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜி.பி.எஸ். பெட்டியும் அப்படித்தான்: சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலிடமாவது சிக்னல் வாங்கினால்தான், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குச் சரியாகப் பிடிபடும். நம்மவருடைய நாலு பேர் அவ்வளவு உயரத்தில் இல்லை. பட்டறை மேஸ்திரி, புரோக்கர் ஆபீஸ் கணக்கர், டயர் கடை மாப்பிள்ளை, டீக்கடையில் எந்நேரமும் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். வித்தியாசம் என்னவென்றால், செயற்கைக்கோள் நாலும் ஒரே இடத்தைக் காட்டும். இந்த நாலு பேரும் நாலு கம்பெனியைக் காட்டுவார்கள்.

ஆனால் அவருடைய குறைகளில் ஒன்று நூற்றுக்கு நூறு நியாயம். போனில் இருக்கும் மேப்புக்குக் கார் தெரியும், பைக் தெரியும், நடந்து போகிறவனைக்கூடத் தெரியும். லாரி தெரியாது. தார்பாய் போட்டுக் கட்டிய லோடு எவ்வளவு உயரம், வண்டி எத்தனை டன், எங்கே 'நோ என்ட்ரி', எத்தனை மணிவரை என்பதெல்லாம் அதன் கவலை இல்லை. மைசூருக்கு வழி கேட்டால் சத்தியமங்கலத்தில் விட்டுத் திம்பம் ஏறச் சொல்லும். அந்த மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரியில் லாரிகளுக்குத் தடை. 2022-இல் உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு பன்னிரண்டு சக்கரத்தைப் பகலிலும் விடுவதில்லை. மேப்போ, பத்து நிமிஷம் மிச்சம் என்று கோடு போட்டுக் காட்டும்.

அதைவிடக் கொடுமை ரயில்வே சுரங்கப்பாதை. கேட் இருந்த இடத்திலெல்லாம் இப்போது தண்டவாளத்துக்கு அடியில் வழி தோண்டிவிட்டார்கள். கார் சறுக்கிக்கொண்டு போய்விடும். லாரிக்கு முன்னால் மஞ்சளும் கறுப்புமாய் ஒரு இரும்புச் சட்டம் நெற்றிக்கு நேரே தொங்கும். 'நேராகச் செல்லவும்' என்று செந்தமிழில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். கிளீனர் இறங்கிப் பின்னால் ஓடி, பாடியைத் தட்டித் தட்டி "வரலாம்... வரலாம்... ஒடிச்சு வரலாம்..." என்று ஊரைக் கூட்டுவான். இருபுறமும் கரும்பு, பின்னால் பள்ளிக்கூட வேன், அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர். அத்தனை பேரும் பின்னோக்கிப் போயாக வேண்டும். திரும்ப மெயின் ரோட்டுக்கு வந்து சேரும்வரை அந்தப் பெண் குரல் ஒருமுறைகூட வருத்தம் தெரிவித்ததில்லை.

லாரிக்கென்றே செய்த பெட்டி இருக்கிறது என்பதை இவருக்குச் சொன்னது யூடியூப். கனடாவில் டிரக் ஓட்டும் தமிழ்ப் பையன் ஒருவன் வீடியோ போட்டிருந்தான். கார்மின் கம்பெனியின் 'டெசல்' வரிசை. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை, ஏற்றியிருப்பது எரிகிற சரக்கா இல்லையா என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுக்கொண்டு, தாழ்வான பாலத்தை ஒதுக்கி வழி சொல்லும். மனுஷன் கண் கலங்கிவிட்டார். "எடை எவ்வளவுன்னு அதுவா கேக்குதுங்க!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது: எடை கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமா? ஆர்.டி.ஓ.விடம் சொல்லும் எடையா, புரோக்கரிடம் சொல்லும் எடையா?

அதே யூடியூபில் இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் டர்ஹாம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம். முன்பு 11 அடி 8 அங்குலம்தான் உயரம். அதில் லாரிகள் தலையைக் கொடுத்துக் கூரை சுருண்டுபோவதைக் கேமரா வைத்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள். 2019-இல் 8 அங்குலம் உயர்த்தியும் மோதல் நிற்கவில்லை. ஓய்வு நாளில் நம்மவர் விரும்பிப் பார்ப்பது அதைத்தான். "அவ்வளவு பெரிய நாட்டுல, எச்சரிக்க லைட்டு, போர்டு எல்லாம் வெச்சும் போய் முட்டறானுங்க. பெட்டி என்னங்க பண்ணும்?" என்பார். அதோடு டெசல் கனவும் முடிந்தது.

எனக்குத் தோன்றுவது இது: நாக்பூர்வரை எவனும் வழி தொலைப்பதில்லை. தொலைவது கடைசி ஐந்து கிலோமீட்டரில். பார்ட்டி குடோன் எந்தச் சந்தில், அந்தச் சந்தில் வண்டி திரும்புமா, எத்தனை மணிக்கு உள்ளே விடுவான்? பெட்டியை அதற்குத்தான் சோதிக்க வேண்டும். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் இவர் பெட்டியையும் நம்பமாட்டார், போனையும் நம்பமாட்டார். பான் கடை வாசலில் வண்டியை மறித்தாற்போல நிறுத்தி, பாதி இந்தி, பாதி கையசைப்பில் விசாரிப்பார். பான் கடைக்காரன் தப்பாகச் சொன்னாலும் கோபம் வராது. "பாவம், மனுசன்தானுங்க."

ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், "ஜி.பி.எஸ். இருக்குதுங்களா?" என்று கேட்டார். கடைப் பையன் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமானை, நாலு ஒயர் தொங்க, எடுத்து நீட்டினான். திரையைக் காணோம்.

"வழி எங்கடா காட்டும்?"

"இது வழி காட்டாதுங்ணா. வண்டி எங்க நிக்குது, என்ன ஸ்பீடுல போகுதுன்னு ஓனருக்குக் காட்டும்."

"ஓனரே நான்தான்டா. வண்டியிலதான் இருப்பேன். நான் எங்க இருக்கேன்னு எனக்கே எதுக்குக் காட்டணும்?"

பையனிடம் பதில் இல்லை. ஆனால் கூடப் போயிருந்த இவருடைய மகனுக்கு அது பிடித்துப்போயிற்று. விலையும் குறைவு. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒயரைக் கொடுத்து முடுக்கியாயிற்று. ஆப் இறங்கியது தாத்தாவின் போனில்.

தாத்தாவும் பழைய டிரைவர். இதே ரோடு ஏழாம் நம்பராக இருந்த காலத்தில், ஒற்றை ரோட்டில், எதிர் வண்டிக்கு லைட் அடித்து வழிவிட்டு ஓட்டியவர். இப்போது திண்ணையில் சாய்ந்து, போனில் ஊரும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அனந்தப்பூர் தாண்டி அரை மணி நேரம் புள்ளி நின்றால் போன் வரும். "அந்தப் புளியமரத்துக் கடையிலயா சாப்புடற? அங்க எண்ணெ சரியிருக்காதேடா." நாலு வழிச்சாலை போட்டபோதே புளியமரம், கடை, கடைக்காரர் எல்லாம் போய்விட்டன. "சரிங்கப்பா" என்பார் இவர். எந்தப் பெட்டியோடும் ஒத்துப்போகாத மனுஷன், இந்த ஒரு குரலுக்குத்தான் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

போன வாரம் வடக்கேயிருந்து லோடோடு திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க அங்கே நியூட்ரலில் உருட்டிவிடுவது பல பேருக்கு வழக்கம். பிரேக் சூடேறிக் கைவிட்டு, முன்னால் போகும் வண்டியில் போய்ச் சேருவதும் அங்கேதான். போன் அடித்தது. கிளீனர் எடுத்தான்.

"டேய், புள்ளி ஓடற ஓட்டம் சரியில்லையே. நியூட்ரல்லயா வர்றான்?"

"இல்லீங் தாத்தா, கியர்லதானுங்க வர்றாரு" என்றான் கிளீனர், பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டே. சொந்த வண்டிக்காரர் வாயைத் திறக்காமல் கியரைப் போட்டார்.