சிப்செட் காக்கா

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில், மகளின் படிப்புக்குக் கணினி வாங்கப் புறப்படும் வாப்பா தனியே கடையேறத் துணிவதில்லை. ‘சிப்செட் காக்கா’ என்று அழைக்கத்தக்க ஒருவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டே போவார். சிப்செட் என்பது மதர்போட்டில் அமர்ந்து, யூஎஸ்பி, சேமிப்பகம் முதலியவற்றைப் புரொசசருடன் இணைத்து, எந்த வசதி எவ்வளவு கிடைக்கும் என்பதை வரையறுக்கும் சில்லாகும். இன்டெல் வரிசையில் எச்610 எளிய தேவைக்கும், பி760 நடுத்தரத் தேவைக்கும், இசட்790 புரொசசரை விதித்த வேகத்துக்கு மேல் முடுக்க விரும்புவோருக்கும் உரியவை. அவ்வாறு முடுக்கப் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்துத் தாங்கிய புரொசசரும் வேண்டும் என்பதைக் காக்கா நன்கறிவார். அறிந்தும், ‘கே’ இல்லாத புரொசசருக்கு இசட் போட்டையே சிபாரிசு செய்வார். “புள்ள ஓ.எல். சோதனைக்குத்தானே படிக்குது” என்று வாப்பா இழுத்தால், “நாளைக்கு அப்கிரேட் பண்ணலாமே, மாமா” என்ற ஒரே விடையில் வழக்கு முடிந்துவிடும்.

அளவு பற்றிய அவருடைய நியாயம் இன்னும் நுட்பமானது. ஏடிஎக்ஸ் போட் 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேசிங்கில் சிறிய போட் பொருந்தும், சிறியதில் பெரியது பொருந்தாது. ஆகவே போட்டைத் தெரிவு செய்த பின் கேசிங் தேடுவதே சிக்கனமான முறை. ஆனால் பெண்ணுக்கு வீட்டைக் கட்டிவிட்டு, அதில் குடிவர மாப்பிள்ளை பார்க்கும் கரையில் பிறந்த காக்கா, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கொண்ட கேசிங்கை முதலில் நிச்சயித்த பின்னரே போட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அந்த மாளிகைக்குள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போட் பாதி இடத்தை வெறுமையாக விட்டுக் குடியேறும். ரெம்முக்கு மிஞ்சிய காசில் ஒற்றைத் துண்டு மட்டுமே கிடைக்கும்.

அவர் வாக்களித்த ‘நாளை’ வருவதற்குள் சொக்கெட், அதாவது புரொசசர் பொருந்தும் இருக்கை, மாறிவிடுகிறது: 2021இல் வந்த எல்ஜிஏ1700இன் இடத்தை 2024இல் எல்ஜிஏ1851 பிடித்தபோது, புதிய புரொசசரை விரும்பியவர் போட்டையும் மாற்ற நேர்ந்தது. எனினும் 1995இல் வகுக்கப்பட்ட ஏடிஎக்ஸ் அளவு இன்றும் நிலைப்பதால், புதிய போட்டும் பழைய கேசிங்கிலேயே சிரமமின்றி இறங்கிவிடுகிறது. அழகுக்காகக் காக்கா வாங்குவித்த பொருள் ஒன்றே எதிர்காலத்துக்கும் உதவியது என்பதால், அடுத்த வீட்டு வாப்பாவும் அவரையே தேடி வருகிறார்.