சோறு துறந்தவர்

சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். கையில் தட்டு இருக்கும், தட்டில் சோறு இருக்காது. ஆட்டுக்கறி, பொரித்த மீன், பேருக்கு நாலு வெள்ளரித் துண்டு. சட்டை மட்டும் தொளதொளவென்று தொங்கும். புதுச் சட்டை வாங்க வக்கில்லாமல் இல்லை. சட்டை பொருந்திவிட்டால் இளைத்தது யாருக்குத் தெரியும்?

எப்படி இளைத்தீர்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பிரியாணி அண்டாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். "ஒரு கப் சாதத்துல 45 கிராம் கார்ப் இருக்கு சார்" என்பார், துப்புக் கொடுக்கிறவர் குரலில். அதற்குள் நீங்கள் கரண்டியை எடுத்துவிட்டால், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, சும்மா தகவலுக்குச் சொன்னேன்" என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்வார். அந்த பிரியாணி பிறகு தொண்டையில் இறங்காது.

பூர்வீகம் கும்பகோணம் பக்கம். வயலும் நெல் குதிரும் பார்த்து வளர்ந்த குடும்பம். "சுகர் பார்டர்ல நிக்குது" என்று டாக்டர் சொன்ன வாரத்தில், சென்னையிலிருந்து மைத்துனர் சோற்றை ஒதுக்கச் சொல்லும் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகத்தை அனுப்பிவைத்தார். ஒரே ராத்திரியில் படித்து முடித்தார். மறுநாள் அரிசி மூட்டை கராஜுக்குப் போனது. தமிழ்ப் பேலியோக்காரர்களின் காலை ஆகாரம் 100 பாதாம்: ஊறவைத்து, காயவைத்து, நெய்யில் வறுத்தது. ஆஸ்திரேலியாவில் பாதாமுக்குப் பஞ்சமில்லை. முர்ரே ஆற்றங்கரையில் தோப்புத் தோப்பாக விளைகிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு முர்ரே பாதாமுக்கு மாறியது. எண்ணி வைப்பது மட்டும் மனைவியின் பொறுப்பு.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ போயிற்று. அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே வெளியேறும். இதை யாரோ எடுத்துச் சொன்னபோது அவர் கேட்கவில்லை. அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அறிவியல் ஆதாரமும் கைவசம் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2017-ல் குறைமாவு உணவுத் திட்டத்தைப் புத்தகமாகவே போட்டது. "கவர்மென்டே சொல்லுது சார்!" சொல்லத்தான் செய்கிறது. அதற்கு அடிப்படையான ஆய்வு அடிலெய்டில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 115 பேரை வைத்து நடந்தது. பாதிப் பேருக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, மீதிப் பேருக்கு மாவுச்சத்து மிகுந்த உணவு. இரண்டிலும் கலோரி ஒரே அளவு, இரு தரப்புக்கும் உடற்பயிற்சி. குறைமாவுக்காரர்களுக்குச் சர்க்கரை மருந்து கூடுதலாகக் குறைந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் இளைத்தது கிட்டத்தட்ட ஒரே பத்து கிலோ என்பது மூடிய பக்கத்தில் இருக்கிறது.

ரொட்டி இல்லாத பர்கரை லெட்டூஸ் கீரையில் சுற்றித் தின்பவர் அவர். 2022 குயின்ஸ்லாந்து வெள்ளத்தில் லெட்டூஸ் தோட்டங்கள் அழிந்து, ஒரு கீரையின் விலை பத்து டாலரைத் தாண்டியது. கேஎஃப்சி கடைகளே முட்டைக்கோஸ் கலந்து சமாளித்தன. அந்தக் குளிர்காலத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்றே நினைத்தார்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஒரு சலுகை உண்டு. ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனால் புளியோதரையை இரண்டு முறை வாங்கிக்கொள்வார். பிரசாதத்தில் கார்ப் கிடையாதாம். பெருமாளும் மறுத்ததாகத் தெரியவில்லை.

இளைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இளைத்தபடி இருப்பதுதான் கஷ்டம், அதற்கு மெல்பர்னிலேயே சான்று இருக்கிறது. பிரியா சுமித்ரன், ஜோசப் ப்ரொயெட்டோ ஆய்வுக் குழுவினர் 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து இளைக்கச் செய்தார்கள். 2011-ல் வெளியான முடிவு கலக்கத்தைத் தரும்: ஓராண்டு கழிந்தும் பசியை ஆளும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போன கிலோக்களைத் திரும்பக் கேட்டு உடம்பு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

அப்படியிருக்க நம்மவருக்கு மட்டும் எப்படி மூன்று வருஷமாக எடை ஏறவில்லை? பாதாம், வெண்ணெய் டீ என்று அவர் நூறு காரணம் சொல்வார். நான் நம்புவது ஒன்றைத்தான்: பெண்டில் ஹில். ஊருக்கே உபதேசம் செய்துவிட்ட மனிதர் ஊர் பார்க்க ஓர் இட்லியை எடுக்க முடியுமா? கடையில் பரோட்டா வாசனை வரும் பக்கம் அவர் திரும்பினாலே நாலு தலைகள் நிமிர்கின்றன. அவர் பேச்சைக் கேட்டுச் சோற்றை விட்டு, பிறகு தோற்றுத் திரும்பிய பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர் விழும் நாளுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். இப்படி ஒரு காவல் எந்த டயட்டீஷியனுக்கும் அமையாது.

காவலுக்கு வெளியே இருப்பவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மட்டும். "என்ன தம்பி, சோறில்லாமல் வெறும் இறைச்சியே தின்னுறியள்? வருத்தம் ஏதும் இருக்கோ? கொஞ்சம் புட்டாவது போட்டுச் சாப்பிடுங்கோ." அவரிடம் மட்டும் நம்மவர் கார்ப் கணக்கு பேசமாட்டார். "வேண்டாம் அக்கா" என்று கும்பிட்டு நழுவுவார்.

போன தையில் ஊருக்குப் போனார். இளைத்தது சிட்னியில் சாதனை, கும்பகோணத்தில் வியாதி. "என்னடா கோலம் இது? வெளிநாட்டுல சோறு போட மாட்டாங்களா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைப் போட்டார். அங்கே பார்க்கிறவர் யாரும் இல்லை. பொங்கல், வடை, தயிர் சாதம் என்று மூன்று வாரம் ஓடிற்று.

திரும்பி வந்தபிறகு ஆளையே காணோம். வென்ட்வொர்த்வில் பிறந்தநாள் விழாவுக்கு மனைவி மட்டும் வந்தார். "சாருக்கு என்ன?" என்று காவல்படை சூழ்ந்துகொண்டது.

"காய்ச்சல்" என்றவர், தட்டில் பிரியாணியைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சட்டை பழையபடி தொங்கின உடனே வந்துடுவார். அதுவரைக்கும் எங்க வீட்டுல சோத்துக்குப் பதிலா காலிஃபிளவர் துருவுற வேலை இல்ல, அரிசி மூட்டை உள்ள வந்தாச்சு. அந்த ரைத்தாவ இப்படித் தள்ளுங்க."